தண்ணீர் வராத நாளில் காய்ந்த சட்டை

ஏப்ரல் 23, செவ்வாய்

பக்கத்து வீட்டு மரகதம் அக்கா இறந்துவிட்டார். சாயங்காலம் பூக்காரப் பெண் கதவைத் தள்ளிப் பார்த்து அலறிய பிறகுதான் எங்கள் காம்பவுண்டுக்கே தெரிந்தது. அடுப்படியில், ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில், தலையில் அடிபட்டுக் கிடந்தாராம். நான் போய்ப் பார்க்கவில்லை. எனக்கு இரத்தம் ஆகாது.

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் சின்னப் பையன். மீசை இன்னும் முகத்தோடு ஒட்டிப் பழகவில்லை. முற்றத்தைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டச் சொன்னார். "சம்பவம் நடந்த எடம் இது. நாங்க விடுவிக்கிற வரைக்கும் எங்க கட்டுப்பாட்டுலதான் இருக்கும். நாடாவுக்கு உள்ள ஒரு துரும்ப நகட்டுனாலும் கேஸுதான்" என்றார். முற்றம் நாலு வீட்டுக்கும் பொது. குழாய், துவைக்கிற கல், துணிக்கொடி எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. ஆக, எங்கள் குழாயையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள்.

"கொடியில எங்க சட்டை ஒண்ணு கெடக்கு சார். அத மட்டும் எடுத்துக்கிறேன்" என்றேன்.

"கெடக்கட்டும்மா. அது எங்க போயிரப் போகுது?"

நீலக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. தையல் மடிப்பில் இன்னும் ஈரம் இருந்தது.

இதை யார் படித்தாலும் தெரிந்துகொள்ளட்டும்: என் தம்பி குமரேசன் நேற்றே திருப்பூருக்குப் போய்விட்டான். வேலை தேடிப் போயிருக்கிறான்.

வீட்டில் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை. முதல் வீட்டு ஜெய்த்தூன் ஒரு செம்பு கொடுத்தாள்.

ஏப்ரல் 24, புதன்

காலையில் கருவாடு வறுத்தேன். ஜெய்த்தூன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "எழவு விழுந்த வீட்டுக்குப் பக்கத்துல கருவாடாக்கா? ஒங்காளுக பாத்தா என்ன சொல்வாக?" என்றாள். வயிறு எழவு பார்க்குமா என்று கேட்டேன். திடீரென்று ஆசையாக இருந்தது, வறுத்தேன். அதில் வேறொன்றும் இல்லை.

பத்து மணிக்கு மோப்ப நாய் வந்தது. மரகதம் அக்கா அடுப்படியை முகர்ந்தது, முற்றத்துக்கு வந்தது, கொடிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தது, பிறகு நேராக என் அடுப்படிக்குள் நுழைந்து வாணலிக்கு முன்னால் உட்கார்ந்து எச்சில் வடித்தது. போலீஸ்காரர்கள் சிரித்துவிட்டார்கள். நாயைப் பிடித்திருந்தவருக்கு மானம் போயிற்று. இரண்டு துண்டு போட்டேன், சமர்த்தாகத் தின்றது. அறையையும் பரணையும் எட்டிப் பார்த்தார்கள். ஒட்டடைக்குத் தும்மிவிட்டு இறங்கினார்கள்.

கைரேகை எடுத்தார்கள், போட்டோ பிடித்தார்கள். மத்தியானம் வீட்டைப் பூட்டி, பூட்டுக்குத் துணி சுற்றி, அரக்கை உருக்கி முத்திரை வைத்தார்கள். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் அந்தப் பூட்டும் எங்கள் ஊர்ப் பூட்டுதான். அரக்கு ஆறுவதற்குள் ஜெய்த்தூன் ஒன்றைக் கண்டுபிடித்தாள். உள்ளே மந்திரப் பெட்டி பாடிக்கொண்டிருக்கிறது. மரகதம் அக்கா மின்சாரப் பலகையில் மாட்டி வைத்திருக்கும் கையகல டப்பா அது. இரவு பகல் பார்க்காமல் ஓம் நமசிவாய சொல்லும்.

"அத அமத்திட்டுப் பூட்டக் கூடாதா சார்?"

"ஒரு பொட்டிக்காகச் சீல ஒடைக்க முடியாதும்மா" என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார்.

அப்படியானால் இனி எனக்குத்தான் அது பாடும். எங்கள் நாலு வீட்டுக்கும் ஒரே ஓட்டுக்கூரை. நடுச்சுவர்கள் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும். அதற்கு மேல் உத்தரமும் பரணும் இருட்டும்தான். ஒரு வீட்டில் தாளித்தால் நாலு வீட்டிலும் தும்மல். சாதாரணமாகப் பேசினாலே கேட்கும்.

பரணில் பூனை ஒன்று அடைந்திருக்கிறது. பாவமாக இருந்தது. ஒரு தட்டில் சோறு வைத்தேன்.

ஏப்ரல் 25, வியாழன்

தண்ணீர் வந்தது! எங்கள் தெருவுக்குப் பத்து நாள், பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவைதான் நகராட்சி கண் திறக்கும். திறந்த நாளில் பார்த்துக் குழாய் நாடாவுக்குள் இருக்கிறது. சண்டை போடலாம் என்று முந்தானையைச் செருகிக்கொண்டு போனேன்.

காவலுக்குப் போட்டிருப்பது ஒரு பெண் ஏட்டு. தனக்கொடி என்று பெயர். நாற்பது வயது இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நீங்க உள்ள வரக் கூடாதுக்கா. கொடத்தக் குடுங்க, நான் புடிச்சுத் தாரேன்" என்றார். அவரே குடம் குடமாகப் பிடித்து நாடாவுக்கு மேலாக நீட்டினார். போலீஸ் கையால் தண்ணீர் வாங்கும் யோகம் யாருக்குக் கிடைக்கும்!

"ஒத்த ஆளுக்கு இத்தன கொடமாக்கா?"

"அடுத்து எப்ப வரும்னு யாரு கண்டா?"

"அதுவுஞ் சரிதான். அப்ப துணியெல்லாம் எப்பத் தொவைப்பீக?"

"தண்ணி வர்ற அன்னிக்குத்தான். நடுவுல யாரு தொவைப்பா? குடிக்கவே பத்தாது."

சொல்லி முடித்த பிறகு ஏட்டம்மா நிமிர்ந்தார். கொடியைப் பார்த்தார். கொடியில் அந்தச் சட்டை ஒன்றுதான் கிடந்தது. பிறகு அடுத்த குடத்தைக் குழாயில் வைத்தார். ஏன் அப்படிக் கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 26, வெள்ளி

ரசம், அப்பளம். பூனைக்கு ரசம் பிடிக்கிறது.

ஏப்ரல் 27, சனி

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட அலுவலகம் கோடை விடுமுறையில் இருக்கிறது. நான் நாளெல்லாம் வீட்டில். வேலைக்குப் போனாலாவது அந்த மந்திரம் காதில் விழாமல் இருக்கும். தூங்கி எழுந்தாலும் நமசிவாய, பல் தேய்த்தாலும் நமசிவாய. சாமி பெயரைக் கேட்டு எரிச்சல் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஏட்டம்மாவுக்குக் காப்பி கொண்டுபோனேன். நாடாவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். நல்ல மாதிரி. மகள் பத்தாவது எழுதியிருக்கிறாளாம். பேச்சுவாக்கில் குமரேசனைப் பற்றிக் கேட்டார். எனக்குப் பன்னிரண்டு வயது இளையவன், அப்பா அம்மா போன பிறகு நான்தான் வளர்த்தேன், என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு அவன்தான் எல்லாம் என்று சொன்னேன். ஒளிக்க என்ன இருக்கிறது?

"கல்யாணம் பேசலயா?"

"பேசுனோம். நத்தத்துல ஒரு எடம். போன ஞாயித்துக்கெழம பொண்ணு வீட்டாளுக அக்கம்பக்கத்துல விசாரிக்க வந்தாக."

"மரகதம்மாகிட்டயும் விசாரிச்சாகளோ?"

விசாரித்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அதுதானே? மாப்பிள்ளை வீட்டுக்குள் காப்பி குடித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குப் போய்த்தான் உண்மையைக் கேட்பார்கள். மரகதம் அக்கா சொல்லியிருக்கிறார்: "பையன் நல்லவன்தான். கோவம் வந்தா மட்டும் கைநீட்டிருவான்." செவ்வாய்க்கிழமை காலையில் போன் வந்தது, இடம் வேண்டாமென்று. இது மூன்றாவது இடம். ஏட்டம்மாவிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. "சாதகம் பொருந்தலன்னுட்டாக" என்றேன்.

குமரேசன் எறும்பை மிதிக்காதவன். அப்படிப்பட்டவனைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை சொல்லலாமா? இறந்தவரைப் பழிக்கக் கூடாது, பழிக்கவில்லை. ஆனால் நாக்கு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு பூட்டு வேண்டும்.

போகும்போது ஏட்டம்மா கேட்டார்: "பரண்ல என்னமோ உருளுதே, எலியாக்கா?"

"பூனை. நாந்தான் சோறு வைக்கிறேன்."

"ரசமா வச்சீக? மணம் இங்க வரைக்கும் வந்துச்சு. ரசஞ்சோறு திங்குற பூனைய நான் பாத்ததே இல்லக்கா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஏப்ரல் 29, திங்கள்

ஜெய்த்தூன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நிலக்கோட்டைக்குப் போகிறாள், அம்மா வீட்டுக்கு. விளக்கு வைக்கிற நேரத்தில் மரகதம் அக்கா வீட்டு மாடக்குழி ஜன்னலில் வெளிச்சம் தெரிந்ததாம். அரக்கு முத்திரை அப்படியே இருக்க, உள்ளே யார் விளக்கேற்றினார்கள் என்று கேட்கிறாள். தெருவிளக்கு பட்டுத் தெறித்திருக்கும் என்றேன்.

"தெருவெளக்கு இப்பிடி ஆடுமாக்கா? திரி ஆடுற மாதிரி ஆடுச்சு. அந்தப் பொம்பள போகல. அங்கனதான் இருக்கு" என்றாள்.

செத்த வீட்டில் பதினாறு நாள் விளக்கு எரிய வேண்டும். மரகதம் அக்காவுக்குப் பிள்ளை இல்லை. வத்தலக்குண்டில் இருக்கும் அண்ணன் மகன் உடலை வாங்கிக்கொண்டு அங்கேயே எரித்துவிட்டான். இங்கே யாரும் விளக்கு வைக்கவில்லை. வைக்கவும் முடியாது, வீடு போலீஸ் கையில்.

ஏட்டம்மாவும் அந்த ஜன்னலைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார். கடலைத் தோலை ஊதினார்.

சட்டையைப் பற்றியும் எழுத வேண்டும். இத்தனை நாள் வெயிலில் அது விறைத்துவிட்டது. காற்றில்லாத போதும் ஆள் போட்டிருப்பது போலத் தோள் விரித்து நிற்கிறது. முன்பக்கம் என் வாசலைப் பார்த்து இருக்கிறது. நான் தெருப் பக்கம் பார்த்துத்தான் காயப்போட்டிருந்தேன். கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். அடுப்பு வெக்கையில் உயிர் போகிறது.

ஏப்ரல் 30, செவ்வாய்

சட்டையை எடுத்துக்கொண்டு போனார்கள். கையுறை போட்ட இருவர் வந்து, பழுப்புக் காகித உறைக்குள் மடிக்காமல் வைத்து, உறைக்கும் அரக்கு வைத்தார்கள். "எந்தம்பிது சார், திருப்பூருக்குப் போட்டுட்டுப் போக வச்சிருந்தான், மறந்துட்டான்" என்றேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

கொடியில் கவ்விகள் இரண்டும் அப்படியே இருக்கின்றன.

மே 1, புதன்

நண்பகலில் பெட்டியின் மந்திரம் மாறிவிட்டது. காயத்ரி பாடுகிறது. மின்சாரம் போய் வந்தால் அது முதல் பாட்டுக்குத்தான் திரும்பும். வேறு பாட்டுக்குப் போக வேண்டுமென்றால் பொத்தானை ஒரு விரல் அழுத்த வேண்டும். மின்சாரம் போகவில்லை. வெளியே ஏட்டம்மாவின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

சுவரோரம் ஸ்டூல் போட்டு ஏறி, "வாய வச்சுக்கிட்டு சும்மா இரு" என்றேன், பூனையிடம். கோபத்தில் குரல் கொஞ்சம் கூடிவிட்டது.

சுவரின் உச்சியில் நேற்று வைத்த தட்டு கழுவித் துடைத்து இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு தட்டு இருந்தது. எவர்சில்வர், விளிம்பில் எம் என்று பெயர் வெட்டியது. அதுவும் கழுவித் துடைத்து இருந்தது. நான் அனுப்பியது ஒரு தட்டுதான்.

மந்திரத்துக்கு நடுவே "தண்ணி" என்று கேட்டது. காதுக் கோளாறாக இருக்கும். வயது நாற்பத்தாறு ஆகிறது.

மே 2, வியாழன்

இரண்டு தட்டிலும் சோறு வைத்தேன். ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

மே 3, வெள்ளி

இரண்டு தட்டும் வைத்தபடியே இருக்கின்றன. நேற்று மத்தியானச் சோறு ஊசிப்போய்விட்டது.

பூனை என்று எழுதி எழுதி எனக்கே வெறுத்துப்போயிற்று. குமரேசன் திருப்பூரில் இல்லை. இதற்கு மேல் யாருக்காகப் பொய் எழுதுவது? பூட்டிச் சீல் வைத்த வீட்டுக்குள் யார் தேடப் போகிறார்கள் என்று நான்தான் சொன்னேன். போலீஸ்காரனின் பூட்டைவிடப் பத்திரமான பூட்டு உண்டா என்று என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். கெட்டிக்காரி புளுகு எட்டு நாளைக்கு. அதுவும் தாண்டிவிட்டது.

ஸ்டூலில் ஏறி, "டேய், தம்பி, ஏண்டா சாப்பிடல? ஒடம்புக்கு முடியலயா?" என்று கேட்டேன். மந்திரத்துக்கு நடுவே அவன் குரல், ரொம்ப மெதுவாக, தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவது போல.

"அவங்க தண்ணி கேக்குறாங்கக்கா."

"யாருடா?"

"தண்ணி குடிக்காம எப்பிடிக்கா சோறு எறங்கும்? அவங்க குடிக்காம நான் எப்பிடித் திங்கிறது?"

"அங்கேயே பான நெறைய இருக்கேடா. மோந்து குடு."

"என் கையால வேணாமாம். ஒன்னயத்தான் கேக்குறாங்க."

இறங்கிவிட்டேன். தண்ணி கேக்குறாங்க என்று அவன் என்னிடம் சொல்வது இது முதல் தடவை இல்லை. எப்போது சொன்னான் என்று இங்கே எழுத மாட்டேன்.

மே 4, சனி

ஏட்டம்மா நாடாவைத் தாண்டி என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். இத்தனை நாளில் இதுதான் முதல் தடவை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுச் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"சட்டைத் தையலுக்குள்ள ரத்தம் இருக்குன்னு மொத சோதனையிலேயே சொல்லிட்டாங்கக்கா. கழுவுனது நீங்க. தண்ணி வர்றதுக்கு ரெண்டு நா முந்தி, கடேசிக் கொடத்த ஊத்திக் கழுவியிருக்கீக."

"அவன் திருப்பூர்ல..." என்று ஆரம்பித்தேன்.

"அக்கா. எங்க பூட்டு, எங்க சீலு. உள்ள இருக்கவரு அன்னியிலருந்தே எங்க காவல்லதான் இருக்காரு. வெளிய வர்ற வழி இந்த முத்தம் ஒண்ணுதான். அதுல ராப்பகலா எங்காளுக ஒக்காந்திருக்கோம். ஒங்களுக்குத்தான் அது தெரியல."

பத்து நாளாகக் கடலை தின்றுகொண்டு என் தம்பிக்கு அவர் சிறை காத்திருக்கிறார். அதற்கு நான் வேளாவேளைக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறேன்!

"அப்பறம் ஏன் புடிக்கல?"

"கதவ ஒடைச்சா உள்ள என்ன பண்ணிக்குவாரோன்னு பயம். விட்டம் இருக்கு, அந்தம்மா சேலையெல்லாம் இருக்கு. அக்கா சோறு போடுற வரைக்கும் உசுரோட இருப்பாருன்னு இன்ஸ்பெக்டருகிட்ட நாந்தான் சொன்னேன். இப்ப ரெண்டு நாளா தட்டு சத்தங் கேக்கல. இனிமே காக்க முடியாது. நீங்க கூப்புடுங்க. நீங்க கூப்பிட்டாத்தான் வருவாரு."

அழுதேன். தூக்குத் தண்டனையா என்று கேட்டேன். தள்ளிவிட்டதில் கல்லில் மோதி விழுந்ததாகத்தான் தெரிகிறது, அதைக் கோர்ட்டில் சொல்ல ஆள் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா என்றார். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அவன் உயிரோடு வெளியே வர வேண்டும். எழுந்து நிற்கப் போனேன். ஏட்டம்மா செம்பைத் தரையில் வைத்தார்.

"டாக்டரு சொல்றாரு, அந்தம்மா விழுந்ததும் போயிரலயாம். ஒரு மணி நேரத்துக்கு மேல உசுரு இருந்திருக்குமாம். பேசக்கூடச் செஞ்சிருக்கலாமாம். இந்தச் சொவத்துல ஒங்களுக்கு ஒண்ணுமே கேக்கலயாக்கா?"

நான் சுவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

ஸ்டூலில் ஏறினேன். "தம்பி, வெளிய வந்துருடா. அக்கா கூட இருக்கேன்" என்றேன். அவன் உடனே பதில் சொன்னான், சுவருக்கு நேர் பின்னாலிருந்து.

"அவங்களுக்கு நீ தண்ணி குடுத்தா வாரேன்."

மே 5, ஞாயிறு

காலையில் இன்ஸ்பெக்டர், வி.ஏ.ஓ., கூட இரண்டு காவலர்கள். இன்ஸ்பெக்டருக்கு இது பிடிக்கவில்லை. "சம்பவ எடத்துக்குள்ள ஒரு வெளியாள விடுறதாவது" என்று ஏட்டம்மாவைக் கடிந்தார். "விட்டா வெளிய வர்றாரு சார். விடலைன்னா தூக்கிக்கிட்டு வரணும்" என்றார் ஏட்டம்மா. முத்திரை முழுதாக இருப்பதை வி.ஏ.ஓ.வுக்குக் காட்டிவிட்டு அரக்கை உடைத்தார்கள். ஏட்டம்மா மஞ்சள் நாடாவைத் தூக்கிப் பிடித்தார். செம்பு நிறையத் தண்ணீரோடு குனிந்து உள்ளே போனேன்.

வீட்டுக்குள் எண்ணெய் மணம். அடுப்படி மூலையில் அகல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில், சாக்பீஸால் போட்டிருந்த கோட்டுக்குள், என் தம்பி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், முப்பத்துநாலு வயதுக்காரன் கிழவன் மாதிரி இருந்தான். இடக்கையை வளைத்து, மடியில் ஒரு தலையைத் தாங்கியிருப்பது போல வைத்திருந்தான். மடியில் ஒன்றும் இல்லை. அந்தக் கை பாரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"வா" என்றான். என்னைப் பார்த்துக் கோபமே இல்லை அவனுக்கு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மண்டியிட்டு உட்கார்ந்தேன். எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் செம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்து, வளைந்த கைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினான்.

"பைய ஊத்துக்கா. பொரையேறிரும்."

ஊற்றினேன். கொஞ்சங்கொஞ்சமாக, அம்மாவுக்குக் கடைசியில் பால் ஊற்றியது போல. செம்பு காலியாகும் வரை ஊற்றினேன். அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முகம் தெளிந்து, மடியிலிருந்ததை இரண்டு கையாலும் மெல்லத் தரையில் இறக்கி வைத்துவிட்டு எழுந்தான். எழுந்ததும் முதல் வேலையாக மந்திரப் பெட்டியை அணைத்தான். அந்த அமைதி என் காதில் அறைந்தது.

அவன் வேட்டி நனையவில்லை. தரையும் நனையவில்லை. வாசலில் நின்ற ஏட்டம்மா அவன் மடியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என் கையில் கவிழ்ந்திருந்த செம்பைப் பார்த்தார்.

குமரேசன் தானாகவே நடந்து போய் ஜீப்பில் ஏறினான். "சாப்பிட்டியாடா?" என்று கேட்டேன். "இனிமே சாப்பிடுவேன்க்கா" என்றான்.

மே 6, திங்கள்

தண்ணீர் வந்திருக்கிறது.

என் அடுப்படியும் பரணும் இன்றிலிருந்து சம்பவ இடமாம். அரக்கும் மெழுகுவர்த்தியும் கொண்டு வந்துவிட்டார்கள். என்னையும் கூட்டிப் போகிறார்கள். இரண்டு சேலை எடுத்துக்கொள்ளலாம் என்றார் ஏட்டம்மா. தண்ணீர் பிடித்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். இனி யார் குடிக்கப் போகிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. "புடிச்சிட்டு வாங்க" என்றார். நாடாவை அவிழ்த்துவிட்டார்கள். இத்தனை நாளுக்குப் பிறகு குழாயடியில் நானே குனிந்து பிடித்தேன். எல்லாக் குடங்களையும் நிறைத்தேன். அதில் ஒன்றை மரகதம் அக்கா வாசற்படியில் வைத்தேன், மேலே ஒரு தம்ளரோடு.

இன்ஸ்பெக்டர் அவசரப்படுத்துகிறார். இந்த வரியை அடுப்படியில் நின்றுகொண்டு எழுதுகிறேன். அன்றைக்கு இதே இடத்தில் நின்றுதான் சட்டைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மரகதம் அக்கா என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இந்திராணி, கொஞ்சம் தண்ணி குடு ஆத்தா என்றார். பரணிலிருந்து தம்பி, "அக்கா, அவங்க தண்ணி கேக்குறாங்க" என்றான். குடத்தில் இருந்தது ஒரு செம்புத் தண்ணீர்தான். சட்டையை இன்னும் ஒரு தடவை அலச வேண்டியிருந்தது.

இப்போது சுவரில் காதை வைத்துப் பார்க்கிறேன். யாரும் கூப்பிடவில்லை. வீடு நிறையத் தண்ணீர் இருக்கிறது.